ஜெயம்மாளுக்கு நீண்டுபோன வாரம்

ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் ஜெயம்மாள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அன்றிலிருந்து தையல் பிரிவில் ஒரே வேலைதான். குதிகால் பக்கம் வரும் இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்து ஒரு தையல் போட்டு, அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். அவள் தைத்தது சரியில்லை என்று திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

முப்பது வருடம் முடிந்ததற்காகப் போன ஆண்டு சாப்பாட்டு ஹாலில் வைத்து அவளுக்குச் சால்வை போட்டார்கள். மேனேஜர் மக்பூல் அகமது மைக்கைக் கையில் கொடுத்து, "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றார்.

கூச்ச சுபாவம்தான். ஆனால் முதல் நாளைப் பற்றி ஆரம்பித்ததும் பேச்சு தானாக வந்தது. மாதனூரிலிருந்து வந்தவள் ஸ்டாப் தெரியாமல் தள்ளி இறங்கி வெயிலில் திரும்பி நடந்தது, இரண்டாம் நாளே ஊசி விரலில் ஏறியது, பக்கத்து மிஷின் கௌசர் தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டது, பசை வாடையில் ஒரு வாரம் சோறு இறங்காதது. ஹாலே ரசித்துக் கேட்டது. அந்த முதல் வருடம் முடிந்த இடத்தில் அவள் பேச்சும் நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றார் மேனேஜர்.

யோசித்துப் பார்த்தாள். "அப்புறம்... தெச்சிக்கினு இருந்தேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கௌசரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பத்து வருஷத்துல இன்னாடி நடந்துச்சு?"

"கொரோனா வந்துச்சு. உன் பொண்ணு கல்யாணம் நடந்துச்சு."

"அது இல்ல. மிஷினாண்ட உக்காந்த நாள்ல ஒரு நாளாச்சும் சொல்லு."

கௌசர், "பேஜாரா எதையாச்சும் கேக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் ஆதிகேசவன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நம்ம வூட்டுக்கு எப்போ பெயின்ட் அடிச்சோம்?" என்று அவரிடம் கேட்டாள்.

"முந்தின பொங்கலுக்குத்தான? இன்னும் புதுசாத்தான இருக்குது."

ராணிப்பேட்டையில் இருக்கும் மகள் ஹேமலதாவுக்குப் போன் போட்டால், "என் கல்யாணத்துக்கு அடிச்சதும்மா. ஆறு வருஷமாச்சு" என்றாள்.

ஜெயம்மாள் போனை வைத்தாள். பள்ளிக்கூட நாளில் முழுப்பரீட்சை லீவு எவ்வளவு நீளமாக இருந்தது! இந்த ஆறு வருடம் அந்த ஒரு லீவு அளவுகூட இல்லையே.

மறுவாரம் சாம்பிள் ரூமுக்கு ஆள் கேட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். புது மாடல் ஷூக்களை முதன்முதலில் தைத்துப் பார்க்கும் இடம் அது. அவள் நேராக மேனேஜரிடம் போனாள்.

"அங்க தினமும் மாடல் மாறும்மா, பேஜார் ஜாஸ்தி. இந்த வயசுல எதுக்கு?"

"தினமும் மாறுதுன்னுதான் கேக்குறேன் சார்."

சாம்பிள் ரூமில் முதல் நாள் தைத்த பூட்ஸில் ஜிப் கோணலாகப் போனது. மாஸ்டர் கலீமுல்லா அவள் மகள் வயதுக்காரன். முகத்துக்கு நேரே கோபிக்கத் தெரியாது. தையலைப் பிரித்து, "மறுபடியும் பாருங்கம்மா" என்று நீட்டினான். நான்கு தடவை நீட்டினான். முப்பது வருடம் குறை கேட்காத கை. அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை ஒரு குழந்தைச் செருப்பு. வியாழக்கிழமை, அவள் அதுவரை தொட்டே பார்த்திராத மெல்லிய ஆட்டுத் தோல். சனிக்கிழமை பஸ் ஏறும்போது, ஏதோ ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்புவது போல இருந்தது.

"முடியலன்னா திரும்பி வந்துடுடி. உன் சீட்டு காலியாத்தான் கெடக்குது" என்றாள் கௌசர்.

"முடியலதான். ஆனா ஒவ்வொரு நாளும் எம்மாம் நீளமா இருக்குது தெரியுமா!"

அன்றாடம் நடந்ததை அவள் ஆதிகேசவனிடம் சொல்ல ஆரம்பித்தாள். இருபது வருடமாக 'வேலை எப்படி' என்றால் 'எப்பவும் போலத்தான்' என்று மட்டுமே கேட்டுப் பழகியவர், இப்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அந்த ஜிப்பு இன்னா ஆச்சு?" என்று தானாகவே கேட்டார்.

எட்டு மாதத்தில் எந்த மாடல் வந்தாலும் கை தடுமாறாத நிலைக்கு வந்துவிட்டாள். கலீமுல்லா பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலண்டரில் தேதியைக் கிழிக்கப் போனவள் சேர்த்து நான்கு தாள்களைக் கிழிக்க வேண்டியிருந்தது. நான்கு நாள் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றே கலீமுல்லாவின் மேசைக்குப் போனாள். அவன் கம்ப்யூட்டரில் தோல் வெட்டுவதற்கான அளவு வரைந்துகொண்டிருந்தான்.

"தம்பி, இதுல இன்னா பண்றீங்க? எனக்கும் காட்டுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டான். மவுஸ் அவள் கைக்குள் எலிக்குஞ்சு போல ஓடியது. ஒரே ஒரு கோடு. அதை நேராகப் போட முயன்று, அழித்து, திரும்பப் போட்டு, "அய்யோ, எங்க போச்சு?" என்று தேடி, அவன் சிரித்து, அவளும் சிரித்து, பாதி நாள் போயிருக்கும் என்று நிமிர்ந்தபோது சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.