அணியைக் கலைத்தவள்

பட்டிமன்றத்தில் கடைசியாகப் பேசுபவருக்கே வெற்றி எளிது என்பது என் உறுதியான கருத்து. முன்னே பேசிய அனைவரையும் மறுக்கலாம். நம்மை மறுக்க எவரும் எஞ்சியிரார். எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்திலோ இரு அணியினரையும் ஒன்றாகக் கலந்து, குலுக்கலில் வரும் வரிசைப்படியே பேசவைப்பது வழக்கம். இம்முறை சீட்டுக்குப் பதிலாக, கணினித் துறையில் படிக்கும் என் தோழி ஒரு வலைப்பக்கம் எழுதினாள். தமிழ் மன்றத்துப் பணியில் ஆங்கிலச் சொல் ஒன்றும் நுழையலாகாது என்று அவளுக்கு நிபந்தனை விதித்தவள் நான்.

ஒத்திகையில் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும், என் பெயர் பெரும்பாலும் முதலிலோ அதையொட்டியோ வந்து நின்றது. அகரத்தில் தொடங்குவதால் மூலப் பட்டியலிலும் நானே முதல். இது குலுக்கலன்று, ஓரவஞ்சனை என்று வாதாடினேன். அவள் நிரலைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். பெயர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, நாணயம் சுண்டுவதுபோல் முன்பின் மாற்றும்படி எழுதியிருந்தாளாம். அதனால் பலர் பழைய இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

விழாவன்று காலை, கொட்டாரம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபோது அவளது குரல்செய்தி வந்தது.

"ஏட்டி, அணிய ஒருவழியா கலைச்சாச்சு. இனி ஒருத்தரும் பழைய எடத்துல கெடயாது."

என் அணியையா? துணைப் பேச்சாளர் இருவரையும் கைபேசியில் அழைத்து, நம்மைக் கலைத்துவிட்டார்கள் என்று முழங்கினேன். ஒருத்தி அழுதாள், மற்றவன் கண்டன உரை எழுதத் தொடங்கினான். அரங்கத்துக்குள் நுழைந்து, அணிகளைக் கலைக்கும் அதிகாரம் எவருக்கு உண்டு என்று தோழியிடம் வினவினேன். அவள் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அரேன்னு சொல்லப்பிடாது, அணின்னு சொல்லணும்னு நீதானட்டி சொன்ன?"

கணினியாளர் ஆங்கிலத்தில் 'அரே' என்னும் வரிசைப் பட்டியலுக்குத் தமிழில் அணி என்று பெயராம்; அவள் கலைத்தது அந்தப் பெயர்வரிசையை. கடைசி இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்துக்கும் எஞ்சியிருப்போருள் எவரையேனும் எடுத்து இடம் மாற்றியிருந்தாள். எவருக்கும் எந்த இடமும் சமமாகக் கிட்டும். நானே பலமுறை அழுத்திப் பார்த்து, எதிரணியின் முன்னிலையில், இதுவே நடுநிலை என்று சான்றும் வழங்கினேன்.

அவை நிறைந்தபின் நடுவர் பொத்தானை அழுத்தினார். முதற்பெயர் என்னுடையது.

"இது நெசமான குலுக்கல்ட்டி. போ, பேசிட்டு வா" என்றாள் தோழி.

சான்று வழங்கிய வாயால் ஆட்சேபிக்க இயலாது. நான் ஆயத்தம் செய்திருந்ததோ மறுப்புரை மட்டுமே. மேடையேறி, ஒலிவாங்கியைச் சரிசெய்து, "எதிரணியினர் இனிமேல் சொல்லவிருப்பவை அனைத்தையும் முன்கூட்டியே மறுக்கிறேன்" என்று தொடங்கினேன்.