சுவரோர ஸ்பீக்கர்

பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் வாதாட வராதீர்கள். எனக்குத் தெரியாது. 2008 நவம்பரில், திருப்பூர் ராயபுரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. கூட்டவேண்டிய அவசியமும் இல்லை.

நான் அழகுமலை. தேனிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருக்கிறேன். மனைவி நதியா. ஒரே மகள் செல்லத்தாய், அப்போது ஐந்து வயது. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேஸ்ட் குடோன். கம்பெனிகளில் வெட்டிக் கழித்த பனியன் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கூரை வரை அடுக்கியிருப்பார்கள். ஞாயிறு என்றால் பூட்டிக் கிடக்கும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோம் தியேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் காலி. அதற்குப் பதிலாக, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த பவர் ஸ்பீக்கர் இரண்டு கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி பிளக். ரிசீவரின் ஸ்பீக்கர் ஒயரை இதில் முறுக்கினால் புகைந்துவிடும். ரிசீவருக்குப் பின்னால் ப்ரீ-அவுட் என்று தனி ஓட்டை இருக்கிறது. அதில்தான் முனையில் பின் வைத்த ஒயரைச் செருக வேண்டும். செருகினேன். ஒன்றை வாசல் பக்க மூலையிலும், மற்றதைப் பின்சுவரை ஒட்டியும் வைத்தேன். பாட்டு அருமையாகத்தான் கேட்டது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் செல்போன் இருந்தால், மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் ‘டிட்டிட்... டிட்டிட்... டிர்ர்ர்’ என்று கரகரக்கும். அந்த நாளில் செல்போன் வைத்திருந்தவர்கள் யாரும் அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

நாலு மணி இருக்கும். நதியா ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

“பாப்பா உங்ககூட இல்லையா?”

“வாசல்லதான வெளாண்டுக்கிட்டு இருந்துச்சு?”

இருவரும் வெளியே ஓடினோம்.

தெருத் தெருவாகத் தேடினோம். மூடிக் கிடந்த கம்பெனி கேட்டுகளைத் தட்டினேன். சாக்கடையில் இறங்கிக் கையால் துழாவினேன். குடோன் கதவு இடுக்கில் வாய் வைத்துக் கத்தினேன். பதில் இல்லை. நதியா நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பாப்பாவின் போட்டோ கேட்டார்கள். எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஆறு நாற்பது. கரண்ட் போனது.

இருட்டில் பீரோவைத் தடவிக்கொண்டிருந்தேன்.

டிட்டிட்... டிட்டிட்...

சட்டைப்பையைத் தொட்டேன். செல் இல்லை. அதை நதியாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

டிர்ர்ர்...

சுவரோர ஸ்பீக்கர்தான்.

கரண்ட்டே இல்லையே! ரிசீவரிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கினேன். கரகரத்தது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் கரகரத்தது. போட்டு உடைக்கத்தான் தூக்கினேன். சுவர்ப் பக்கம் திரும்பியபோது சத்தம் கூடியது. விலகினேன். குறைந்தது. மறுபடி சுவர்... கூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன் உயிரோடு இருக்கிறது. பூட்டிய குடோனுக்குள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு என் பிள்ளை வேண்டும். பேயே கூப்பிட்டாலும் அன்று போயிருப்பேன். ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கல்லால் பூட்டை உடைத்தேன்.

கும்மிருட்டு. மூச்சடைக்கும் பஞ்சுத் தூசு.

இடது பக்கம் நடந்தேன். டிட்... டிட்... தேய்ந்தது.

வலது பக்கம். டிட்டிட்... டிட்டிட்...

கடைசி மூலை.

டிர்ர்ர்ர்ர்...

சரிந்து கிடந்த மூட்டைகளை இழுத்தேன். நகம் பிய்ந்தது. இழுத்தேன்.

ஒரு சின்னக் கை.

சூடாக இருந்தது.

“அப்பா...”

ஸ்பீக்கர் சட்டென்று நின்றது.

ஒரு பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு, குடோனின் கிழிந்த தகரம் வழியாக நுழைந்திருக்கிறாள். மூட்டை சரிந்து அமுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். மூக்கை மூடிய துணியைக் கடைசி வரை கையால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒரு கணம் கண் அசந்திருந்தாலும் முடிந்திருக்கும் என்றார்.

அவளுடைய இன்னொரு கையை விரித்தபோது உள்ளே ஒரு செல்போன் இருந்தது. எங்களுடையது இல்லை. பேட்டரி உப்பி, துருப்பிடித்துக் கிடந்தது. குடோன் மேஸ்திரியிடம் காட்டினேன். கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

“சாமியாத்தாளோடதுங்க. இங்க வேஸ்ட் பிரிச்சுட்டு இருந்த பொம்பளை. போன வருசம் அதே மூலையில மூட்டை சரிஞ்சு செத்துப் போச்சுங்க. அன்னைக்குப் போனைத் தேடோ தேடுன்னு தேடுனோம், கெடைக்கலீங்க.”

அதை வாங்கிப்போக அவள் புருஷன் தாராபுரத்திலிருந்து வந்தார். போனைத் துண்டில் வாங்கிக்கொண்டார். போகாமல் நின்றார்.

“ஏனுங்க, புள்ளைய எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“ஏழு இருக்கும்ங்க.”

“ஞாயித்துக்கிழமை ஆறே முக்காலுக்கு இந்த நம்பர்ல இருந்து எனக்குப் போன் வந்துச்சுங்க. கனெக்சன் கட்டாகி ஒரு வருசம் ஆச்சு. அவ கொரலேதானுங்க. நான் கத்திக் கூப்புட்டேன், எனக்குப் பதிலே சொல்லலீங்க. வேற யாருகிட்டயோ ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தா.”

“என்னன்னு?”

அவர் துண்டோடு போனை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“‘தூங்காத கண்ணு... உங்கப்பன் வர்றான்... தூங்காத’ன்னுங்க.”