தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம்

செய்யூர் பக்கம் கடலோரத்தில் குஞ்சு பொரிக்கும் ஓர் இறால் ஹேச்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தாய் இறாலின் முட்டை பொரிந்ததும் குஞ்சை மற்ற ஹேச்சரிகளுக்கு விற்பதுதான் எங்கள் தொழில். அந்தக் குஞ்சுக்கு நாப்ளி என்று பெயர். பார்க்கத் தூசி மாதிரி இருக்கும். வாய் கிடையாது. பிறக்கும்போதே கட்டுச்சோறு மாதிரி உடம்புக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு இருக்கும். சுமார் ஒன்றரை நாளுக்கு அதுதான் சாப்பாடு. பிறகு தோலுரித்து வாய் வந்துவிடும். அப்போது தீனி கிடைக்காவிட்டால் சாவுதான்.

தூத்துக்குடியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. வேனில் போனால் பதினோரு மணி நேரம். "பிளேன்ல அனுப்பலாம் சார், ஒன்றரை மணி நேரம்தான்" என்று முதலாளியிடம் சொன்னவன் நான்.

"செத்துப் போச்சுன்னா அந்தப் பக்கம் ஒருத்தனும் நம்மகிட்ட வாங்க மாட்டான். நீயே கூடப் போ. குஞ்சு போச்சுன்னா உன் வேலையும் சேர்ந்துதான் போவும்" என்றார் அவர்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பி இன்னொரு தப்பும் செய்தேன். நன்றாகத் தேறட்டும் என்று நாப்ளியை ஒரு நாள் முழுக்க டேங்கிலேயே விட்டுவைத்தேன். மிச்சம் பன்னிரண்டு மணி நேரத்துக் கட்டுச்சோறுதான் இருந்தது. பேக்கிங் பார்க்கும் செல்வியக்கா பையில் ஆக்சிஜன் பிடித்தபடியே கேட்டார்.

"இன்னா சார், ஏரோப்ளேன் நம்ம டேங்காண்ட வந்தா ஏத்திக்கினு போவுது?"

"நீங்க ரப்பர் பேண்டைப் போடுங்கக்கா" என்றேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

காலை ஐந்து மணிக்குப் பேக்கிங். மீனம்பாக்கம் ஏர்போர்ட் போக இரண்டு மணி நேரம். அங்கே எடை, ஸ்கேன், பேப்பர். தூத்துக்குடியில் மழை என்பதால் பத்தரை மணி விமானம் ஒன்றரைக்குத்தான் கிளம்பியது. பறந்தது என்னவோ சொன்னபடி ஒன்றரை மணி நேரம்தான். முன்னும் பின்னும் போன நேரம்தான் என் கணக்கில் இல்லை. பெட்டிகளோடு, ஆர்டர் கொடுத்த அண்ணாச்சியின் ஹேச்சரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து. பன்னிரண்டு மணி நேரம் சரியாக முடிந்திருந்தது.

"ஏன் தம்பி, முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்றார் அண்ணாச்சி.

"லேட்டாயிடுச்சு அண்ணாச்சி. உயிரோட இருக்குமான்னு தெரியல."

அவர் ஒரு பையை அறுத்து வாளியில் ஊற்றினார். "ஏல, லைட்ட அமத்து" என்று ஆளுக்குச் சொல்லிவிட்டு, வாளி ஓரத்தில் டார்ச் அடித்தார். நல்ல நாப்ளி வெளிச்சத்தைத் தேடி வரும். செத்தது அடியில் தங்கிவிடும்.

ஒன்றும் வரவில்லை. அப்புறம் தண்ணீருக்குள் புகை மாதிரி ஏதோ அசைந்தது. மெதுவாகத் திரண்டு, அந்த வாளியிலிருந்த அத்தனையும் டார்ச்சை நோக்கி வந்தது. லட்சக்கணக்கான உயிர்.

அண்ணாச்சி உடனே டேங்கில் விட்டுத் தீனிக்குப் பாசியை ஊற்றினார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கரு துளியும் இல்லை. தோலுரித்து வாய் வந்திருந்தது. வயிற்றில் பழுப்பாக மெல்லிய கோடு ஒன்று ஓடியது, அதன் முதல் சாப்பாடு. காலையிலிருந்து நான் செய்த அத்தனை தப்பையும் அந்தத் தூசி பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் விமான நேரத்தை போனில் பார்த்துச் சொல்வார்கள். நான் மைக்ரோஸ்கோப்பைக் காட்டி, எவ்வளவு மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.