மருந்துக்கு நான் எழுதிய பொருள்

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. அந்தச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போடாததற்குக் கோபம்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். பாதி உண்மை.

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தேன். செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு நிறுவனம் மருத்துவ உதவி எண் ஒன்றை உருவாக்கியிருந்தது. மலைக்கிராமத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் இயந்திரமே தமிழில் பதில் சொல்லும். அது மக்களுக்குப் பாதுகாப்பானதுதானா என்று சோதித்துச் சான்று தர வேண்டியது எங்கள் துறை. சோதனை முழுவதும் ஏசி அறையில், மாணவர்கள் தாளைப் பார்த்து வாசித்த கேள்விகளோடு முடிந்துவிட்டது. இயந்திரம் எல்லாவற்றிலும் தேறியது. தேறாமல் என்ன செய்யும்? கேள்வியும் நாங்கள் எழுதியது, விடையும் நாங்கள் எழுதியது.

"மலையில நாலு பேரைப் பேச வெச்சுப் பாக்காம சான்று தரக்கூடாது மேடம்" என்று துறைத்தலைவியை நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல்தான் அனுப்பினார். நிறுவனத்தின் மேலாளரும் கூடவே ஜீப்பில் தொற்றிக்கொண்டார். நான் பிறந்த மலையூரான புதூர்நாட்டுக்கே அவரை அழைத்துப் போனேன்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி நாலைந்து பெண்களோடு புளி தட்டிக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் நீட்டினேன்.

"இன்னா கேக்கணும்?"

"வீட்ல ஒரு அவசரம்னா எப்படிக் கேப்பீங்களோ, அப்படியே கேளுங்கக்கா."

அவள் யோசிக்கவே இல்லை. "எங்க வூட்டுக்காரு மருந்து குடிச்சிட்டாருங்க. இன்னா பண்றது?"

போனிலிருந்து குரல் தேனாக வந்தது. "மருந்து குடித்தது மிகவும் நல்லது. அடுத்த வேளையும் தவறாமல் கொடுங்கள். நன்றாக ஓய்வெடுக்கட்டும்."

"அடப் பாவமே! இன்னொரு வேளயும் ஊத்தணுமாமே!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுவார்கள், டானிக் குடிப்பார்கள். மருந்து அடிப்பது செடிக்கு. ஒருவர் மருந்து குடித்துவிட்டார் என்றால், பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார், ஜீப்பைக் கூப்பிடு என்றுதான் அர்த்தம். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அவங்க விஷம்னு தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"புருஷன் நுரை தள்ளிக்கிட்டுக் கிடக்கும்போது அகராதி புரட்டுவாங்களா சார்?" என்று கத்திவிட்டேன்.

திரும்பி வந்ததும், நிறுவனம் எங்கள் துறையிடம் வாங்கி இயந்திரத்துக்குக் கொடுத்திருந்த பழைய சொற்பட்டியலைத் திறந்தேன். இதை எழுதிய அறிவாளி யார், கிழித்துத் தொங்கவிடலாம் என்று. 'மருந்து: நோய் தீர்ப்பதற்காக உட்கொள்வது.' பக்கத்தில் என் பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'எழுதினேன்' என்பதை எங்கள் ஊர் வழக்கில் 'எய்தினேன்' என்று நான் சொன்னதைக் கேட்டு அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் என் ஊர்ப் பேச்சு ஒரு துளியும் ஒட்டாமல் துடைத்துத் துடைத்து எழுதிய பட்டியல் அது. வெட்கம் கெட்டவள், ஓர் உயிர் போகிற சொல்லைத் துடைத்திருக்கிறேன்.

மறுநாளே மேலாளர் வந்தார். "ஒரு சொல்தானே, திருத்தியாச்சு. உங்க தப்பும் வெளிய தெரிய வேணாம். கையெழுத்துப் போட்டுடுங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. அந்த அக்கா வாயில வந்ததால இந்த ஒரு சொல்லு தெரிஞ்சுது. வராத சொல்லுக்கு யார் பொறுப்பு?"

அவர் போன பிறகு துறைத்தலைவி மெல்லச் சொன்னார். "அறிக்கையில உன் தப்பும் வரும்மா. அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது. யோசிச்சுக்கோ."

"வரட்டும் மேடம். விக்கிறதுக்குக் கம்பெனி இருக்கு. வேணாம்னு சொல்ல ஒருத்தர் வேணும்ல? அதுக்குத்தானே நாம ஜனங்க வரிப்பணத்துல உக்காந்திருக்கோம்? அதைக்கூடச் சொல்லலேன்னா இந்தக் கட்டடம் எதுக்கு?"

அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'பாதுகாப்பானதல்ல' என்ற வரிக்குக் கீழே எனக்கு முந்திக்கொண்டு கையெழுத்திட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி துறையின் இணையப் பக்கத்திலும் போட்டார். நிறுவனம் வேறு இடத்தில் சான்று தேடுகிறது என்று கேள்வி. தேடட்டும். என் ஒப்பந்தத்தை மேலிடம் நீட்டிக்கவில்லை. அதற்காக நான் அழவும் இல்லை.

தான் பேசியது அறிக்கையில் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், படித்துக் காட்டச் சொல்லி அக்கா போன் செய்தாள். வரிக்கு வரி உம் கொட்டினாள். சொற்பட்டியலைப் பற்றிய பத்தி வந்தபோது அதைத் தாண்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தாண்டாமல் படித்தேன்.

உம் கொட்டுவது நின்றது.

"மலயில பொறந்துட்டு, நீயாமே அப்பிடி எய்தின?"

"ஆமாக்கா," என்றேன். "நான்தான் எய்தினேன்."