கோபால்ட்டுக்கு வைத்த பொட்டு

2006 அல்லது 2007 இருக்கும். அப்போது புதுவாயலில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. நான் தினமும் ரயிலேறி சென்னைக்குப் போய் இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கூட இருந்த மாமியாருக்கு அது கல்யாணமாகியும் முடியாத படிப்பு, அவ்வளவுதான்.

தங்கத்தின் மேல் சரியான கோணத்தில் ஒளி பட்டால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடிக்கும். மேற்பரப்பு பிளாஸ்மான் என்று பெயர். அந்த அலை, தங்கத்துக்கு நடுவே இருக்கிற கோபால்ட்டின் காந்தத்தை அசைக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. "இன்னா, உன் காந்தம் இன்னிக்காவது பேச்சு கேட்டுச்சா?" என்று கணவர் சீண்டிக்கொண்டே இருப்பார்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு லேபில் ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். ஈரம் பட்டுவிடுமே என்று மிச்சமிருந்த ஒரே சாம்பிளை, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நகமளவு கண்ணாடி, அதன்மேல் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய தங்க, கோபால்ட் பூச்சு. பூச்சு போடுகிற மெஷினோ ரிப்பேர். அது போனால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

பூஜையன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கணவரின் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் என் டப்பா திறந்திருக்கிறது. சாம்பிளின் நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம்!

பதறிப்போய்த் துடைக்க ஓடினேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாதும்மா, நாளைக்குத்தான் எடுக்கணும். அவன் சாமானுக்கு மட்டும் வெச்சிட்டு உன் தொழிலு சாமான உட்டுட முடியுமா?"

கோபத்தில் அன்று எனக்குச் சுண்டல்கூட இறங்கவில்லை. 'உன் தொழிலு' என்று அவர் சொன்னது சாயங்காலம்தான் மண்டையில் ஏறியது. அப்புறம் கோபப்பட முடியவில்லை.

லேப் திறந்ததும் பொட்டோடு கொண்டுபோனேன். பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். "நல்லவேளை, நீ துடைக்கலை. துடைச்சிருந்தா பூச்சு மொத்தமும் கீறிப்போயிருக்கும்" என்றார். லேசர் படக் கடுகளவு இடம் போதும், அது ஓரத்தில் சுத்தமாக இருந்தது. கோணம் சரியாக வந்ததும், காந்தம் அசைவதைக் காட்டும் சிக்னல் ஜிவ்வென்று ஏறியது.

"கேட்டுச்சு அத்தை!" என்று வீட்டுக்கு ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டேன். "பொட்டு வெச்சும் கேக்காம இன்னா பண்ணும்?" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

டாக்டர் பட்டம் பிறகு கிடைத்தது. ஆனால் நான் செய்வதும் ஒரு வேலைதான் என்று முதலில் ஒப்புக்கொண்டது அந்தக் குங்குமப் பொட்டுதான்.