குளிர்க்கிடங்கில் கறுத்த பூனை

தையல்காரம்மா மகள் வீட்டில் தங்கக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரனுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது. அதனால் தன் பால்நிறப் பூனையை என் அத்தையின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதன் காது, முகம், பாதம், வால் மட்டும் அடுப்புக்கரி பூசியது போலிருக்கும். அத்தையும் அவளும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் வாழ்ந்து நரைத்தவர்கள்.

"உன்னை நம்பித்தாண்டி போறேன்" என்றாள்.

அத்தை மீன் குளிர்க்கிடங்கில் பெட்டி கட்டுபவள். கோடையிலும் இரண்டு ஸ்வெட்டர். இவளை வெயிலில் வைத்தால் உருகிவிடுவாள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். பூனையைத் தனியே விட மனமில்லாமல் கூடவே தூக்கிப் போனாள். எலி பிடிக்கும் என்று மேஸ்திரியும் விட்டுவிட்டார். பெட்டிகளுக்கு நடுவே அது குளிரில் வளர்ந்தது. அது மெல்ல மெல்லக் கறுத்தது தினமும் பார்த்தவள் கண்ணில் படவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தையல்காரம்மா வந்தாள். பூனை ஓடிப்போய் அவள் காலைச் சுற்றியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என் பூனை எங்கடி?"

"இதுதான்."

"அதைத் தொலைச்சுட்டு, தெருவுல திரிஞ்சதைப் பிடிச்சு வந்து காட்டுறியா? நான் என்ன குருடியா?"

அதற்குப் பிறகு அத்தை மளிகைக்கடைக்குப் போனால் அங்கே நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடும். தையல்காரம்மா வேறு தெருவுக்கு வீடு மாறினாள். முட்டிவலி வந்ததால் அத்தையும் வேலை மாறி ஒரு சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். பூனை இப்போது துணி உலர்த்தும் அறையின் சூட்டில் தூங்கியது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அது பாதி வெளுத்திருந்தது. இந்த இனத்துக்கு உடம்பு சூடாக இருக்கும் இடத்தில் முடி வெளுப்பாகவும், குளிர்ந்த இடத்தில் கறுப்பாகவும் முளைக்கும் என்று அத்தையிடம் சொன்னேன். காதும் வாலும் கறுத்திருப்பது அதனால்தான். தையல்காரம்மாவிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"உக்காரு. என்னையே தெரியாதவளுக்குப் பூனை முடியைப் பத்தித் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவளா வரட்டும்."

அப்படிச் சொன்னவள்தான், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள்.

அடுத்த கோடையில் பூனையின் உடம்பு முழுக்க வெளுத்து, முன்போலக் காது, முகம், பாதம், வால் மட்டும் கறுப்பாக நின்றது. ஒரு நாள் மாலை அத்தையின் போனில் குரல்செய்தி வந்தது. பெயரைப் பார்த்ததும் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நான்தாண்டி. உங்க மதில்மேல என் பூனையைப் பார்த்தேன். இத்தனை நாளா ஒளிச்சா வச்சிருந்தே? போகட்டும், மன்னிச்சுட்டேன். நாளைக்குக் கொண்டுவந்து விட்டுடு. அந்தக் கறுப்பை நீயே வச்சுக்க."