ஒன்பதுக்கு நோய் என்றா பேர்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மலேசியாவில் சுவா பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் சீவியவளுக்கு, ஜெர்மனியில் விமானம் ஓட்டப் பழகும் பேத்தி! சொல்லும்போதே வாயெல்லாம் பல்லாகிவிடுகிறது. ஆனால் அவள் ரேடியோ சோதனைக்குப் போன அன்று எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

அவள் பழகுவது சின்ன விமானத் திடல். அங்கே கீழேயிருந்து ரேடியோவில் ஜெர்மனில்தான் பேசுவார்களாம். அவர்கள் சொன்னதை இவள் அப்படியே ஜெர்மனில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு லைசென்ஸ். அது இல்லாமல் தனியாக மேலே போக முடியாது. கிடைக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல், கிடைக்கவே கூடாது என்று இன்னொன்று. ஒரே விளக்கின் முன்னால் இரண்டையும் வைத்தேன். சாமியே குழம்பியிருக்கும்.

சோதனைக்கு முந்தின வாரம் போனில் முகம் பார்த்துப் பேசினோம்.

“ஒம்போதுக்கு என்னடி சொல்லணும்?”

“நொய்ன், பாட்டி.”

“நோயா? மேல போற பிள்ளை வாயில வர்ற பேச்சா இது! பேசாம நைன்னே சொல்லு லா.”

“ஐயோ பாட்டி! நைன்னா அவங்க பாஷையில இல்லை, மாட்டேன்னு அர்த்தம். எறங்குன்னு சொல்றவங்ககிட்ட மாட்டேன்னு சொல்லவா?”

விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் வீட்டில் போன் நம்பர், பஸ் நம்பர் எதைச் சொன்னாலும் ஒன்பதுக்கு நைன்தான். பதறினால் அதுதானே வாயில் வரும்?

சோதனை அன்று அங்கே காலை, எங்களுக்குச் சாயங்காலம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வாசலைக் கடந்தது. மேலே செப்பாங் விமான நிலையத்துப் பக்கம் ஒரு விமானம் தாழப் போனது. வழக்கமாகக் கையாட்டுவேன். அன்று கண்ணை மூடிக்கொண்டேன்.

போன் அடித்தது. எடுத்தால் அழுகை.

“பாட்டி, எறங்கற ஓடுபாதை நம்பர் நொய்ன்னு சொன்னாங்க. நான் நைன்னுட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சோதனை வைக்கிறவர் என்னைப் பார்த்து, எறங்க மாட்டீங்களான்னு கேட்டாரு.”

“அப்புறம்?”

“தப்பாச் சொன்னா திருத்துறதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சொல்லிட்டு, நொய்ன்னு சத்தமாச் சொன்னேன். பாஸ், பாட்டி!”

“பாஸ் பண்ணிட்டு ஏண்டி அழுவுற?”

“பயத்துல லா.”

“நெகிரி செம்பிலான்ல பொறந்தவ! செம்பிலான்னா மலாய்ல ஒம்போது, ஊர் பேருலயே இருக்கு, அதைப் போய்த் தடுமாறுவியா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேசை முன்னால் உட்கார்ந்து பேசிய சோதனையிலேயே இப்படித் தடுமாறினாளே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பறக்கிறாள். இறங்கியதும் போன் போடுவாள். அதுவரை போனை மடியில் வைத்துக்கொண்டு, “நொய்ன், நொய்ன்” என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

“என்னம்மா, நோய் நோய்ங்கற? உடம்புக்கு முடியலையா?” என்பாள் மகள்.

“சும்மா இருடி. அவ மறந்துட்டா?”